பங்கு இறைச்சி: குறைந்த செலவில் நல்ல உணவு

விதை நெல் வாங்கும் கமக்காரர், ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் எடுத்து, பதரும் களை விதையும் கலந்துள்ளனவோ என்று பார்த்த பின்னரே விலை பேசுவார். மிளகாய்க் கன்று வாங்குபவர் அதன் வேரைப் பார்ப்பார். ஆனால் அதே கமக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில் இறைச்சி வாங்கச் செல்லும்போது, வெட்டித் தருவதை வாங்கிக் கொண்டு, கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புகின்றார். வாங்கியதில் எலும்பு எவ்வளவு, தசை எவ்வளவு, இறைச்சி எப்பொழுது வெட்டப்பட்டது என்பவற்றை அவர் ஆராய்வதில்லை.

இதனினும் பெரிய நட்டம் ஒன்றுண்டு. வீட்டுக் கொட்டிலில் குழை போட்டு வளர்த்த கிடாயை அவர் வியாபாரிக்குக் கண்மதிப்பில் விற்கின்றார். பின்னர் அதே இறைச்சியைக் கடையில் நிறைக்கணக்கில் வாங்குகின்றார். விற்கும்போது தராசு இல்லை. வாங்கும்போது தராசு உண்டு. இவ்விரண்டுக்கும் இடையில் கைவிட்டுப் போகும் பணம், பிள்ளைகளின் உணவுக்கு உரிய பணமாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் பங்கு முறை, இந்நட்டத்தைத் தவிர்ப்பதற்கு ஏற்ற வழியாகும். அயலவர் சிலர் கூடி ஓர் ஆட்டை வாங்கி, அறுத்து, சமமாகப் பகிர்ந்து கொள்வதே பங்கு முறை எனப்படும். கணக்கும் சுத்தமும் தவறாது கைக்கொள்ளப்படின், ஒரு குடும்பம் புதிய இறைச்சியை நியாயமான விலையில் பெறுவதற்கு இதனிலும் எளிய முறை கிராமத்தில் இல்லை எனலாம்.

இறைச்சியின் போசணை

கொழுப்பு நீக்கிய பச்சை இறைச்சி 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் உண்டு. கோழி முட்டை ஒன்றில் உள்ள புரதம் 6 கிராம் அளவினதாகும். வளரும் பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் புரதத்தோடு இரும்புச் சத்தும் இன்றியமையாதது. கீரையிலும் பயற்றிலும் இரும்புச் சத்து இருப்பினும், அதனை உடல் ஓரளவே ஏற்கின்றது. இறைச்சியில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்கும். அதுமட்டுமன்றி, கீரையோடு சிறிதளவு இறைச்சி சேர்த்து உண்ணும்போது, கீரையில் உள்ள இரும்பும் கூடுதலாகப் பயன்படுகின்றது.

ஆகவே, மாதம் ஒருமுறை வயிறு நிறைய இறைச்சி உண்பதிலும், கிழமைக்கு ஒருமுறை அளவாக வாங்கி, முருங்கைக்காய், கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, பலாக்கொட்டை முதலியவற்றோடு சேர்த்துச் சமைத்து உண்பது உடலுக்கும் பணப்பைக்கும் நன்று.

உண்மை விலையைக் கணக்கிடல்

இறைச்சியின் விலை என்பது தராசில் நின்ற நிறைக்குக் கொடுக்கும் பணம் அன்று. சட்டிக்குள் போகும் நிறைக்குக் கொடுக்கும் பணமே உண்மை விலையாகும். உயிரோடு வாங்கும் ஆட்டில் தோல், தலை, கால், குடல், இரத்தம் ஆகியன நீங்கிய பின்னர் எஞ்சும் உடல், உயிர் நிறையில் ஏறக்குறைய நூற்றுக்கு 45 பங்காகும். ஆடு மெலிந்ததாயின் இது 40 பங்காகக் குறையும். நன்கு கொழுத்ததாயின் 50 பங்கை எட்டும். அவ்வுடலிலும் நாலில் ஒரு பங்கு வரை எலும்பாக இருக்கும்.

கணக்கு விளங்கும் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஆட்டின் உயிர் நிறை 24 கிலோ எனவும், உயிர் நிறை கிலோ ஒன்று 1,000 ரூபா எனவும் வைத்துக் கொள்க. இவ்விலை கணக்குக்காக எடுத்துக் கொண்டதே. உண்மையான விலை ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும்.

ஆட்டின் விலை: 24,000 ரூபா
அறுத்து உரித்து வெட்டும் கூலி: 1,500 ரூபா
மொத்தச் செலவு: 25,500 ரூபா
தலை, கால், குடல் ஆகியவற்றை எடுத்துக் கொள்பவர்கள் கொடுப்பது: 2,700 ரூபா
எஞ்சிய செலவு: 22,800 ரூபா
எலும்போடு கூடிய இறைச்சி (நூற்றுக்கு 45): 10.8 கிலோ
பங்குகள்: 12
ஒரு பங்கின் நிறை: 900 கிராம்
ஒரு பங்கின் விலை: 1,900 ரூபா

இதன்படி எலும்போடு கூடிய இறைச்சி கிலோ ஒன்று ஏறக்குறைய 2,110 ரூபாவாகின்றது. ஈரலும் இருதயமும் இதற்கு மேலதிகமாகக் கிடைக்கும். இத்தொகையை அன்றைய கடை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே, பங்கு போடுவது ஆதாயமோ என்று முடிவு செய்தல் வேண்டும். அதே 24 கிலோ ஆடு மெலிந்ததாக இருந்து நூற்றுக்கு 40 பங்கே கிடைக்குமாயின், ஒரு பங்கின் நிறை 800 கிராமாகக் குறைந்து, கிலோவின் விலை 2,375 ரூபாவாக உயரும். ஆட்டின் விலையில் ஒரு சதமும் கூடாதிருந்தும் இறைச்சியின் விலை கூடிவிடுகின்றது. எனவே, பங்கு முறையின் ஆதாயம் முழுவதும் ஆட்டைத் தெரிவு செய்வதிலேயே தங்கியுள்ளது.

ஆட்டைத் தெரிவு செய்தல்

வயது: ஆட்டின் வயதை அதன் கீழ்த்தாடை முன்பற்களைக் கொண்டு அறியலாம். எட்டும் சிறிய பாற்பற்களாயின் அது ஏறக்குறைய ஒரு வயதுக்கு உட்பட்டது. நடுவில் இரண்டு பெரிய பற்கள் முளைத்திருப்பின் வயது ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் அண்மையிலும், நான்கு பெரிய பற்களாயின் இரண்டுக்கு அண்மையிலும், எட்டும் பெரியனவாயின் நான்கு அளவிலும் இருக்கும். தேய்ந்தும் இடைவெளி விட்டும் காணப்படும் பற்கள் முதுமையைக் காட்டுவன. பாற்பல்லோடு அல்லது இரண்டு பல்லோடு உள்ள ஆட்டின் இறைச்சி மென்மையாயிருக்கும், விரைவில் வேகும், விறகும் மிச்சமாகும்.

இனம்: இளமையில் நலமடித்த கிடாய் இறைச்சிக்குச் சிறந்தது. நலமடிக்காத முதிர்ந்த கிடாயின் இறைச்சியில் வாடை இருக்கும். சினைப்பட்ட மறியையும் பால் கொடுக்கும் மறியையும் அறுத்தல் ஆகாது. அத்தகைய மறி ஒன்றை இழக்கும் கிராமம், அடுத்த ஆண்டில் கிடைக்க வேண்டிய குட்டிகளையும் இழக்கின்றது.

உடல்: முதுகெலும்பின் இரு பக்கமும், விலா எலும்பின் மீதும் விரல்களால் அழுத்திப் பார்க்க வேண்டும். எலும்பு முனைகள் கூர்மையாகத் தட்டுப்படுமாயின் ஆடு மெலிந்தது. அழுத்தினால் மாத்திரம் எலும்பு தெரியுமாயின் அது நல்ல நிலையில் உள்ளது. வயிற்றின் பருமனைக் கண்டு ஏமாறுதல் கூடாது. வயிற்றில் உள்ள தீனும் நீரும் உயிர் நிறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் இருத்தல் கூடும். நிறுப்பதற்குச் சற்று முன்னர் உப்பு நீர் காட்டப்பட்ட ஆட்டை வாங்குபவர், நீருக்கும் இறைச்சி விலை கொடுத்தவராவார். ஆதலால், இரவு முழுவதும் தீன் இன்றிக் கட்டப்பட்டிருந்த ஆட்டைக் காலையில் நிறுப்பதே நேர்மையான முறை.

சுகம்: சுகமான ஆடு தலை நிமிர்ந்து நிற்கும், கண் தெளிவாகவும் மூக்கு ஈரமாகவும் இருக்கும், அசை போடும். மூக்குச் சளி, கழிச்சல், வாய்ப்புண், தாடையின் கீழ் வீக்கம், நொண்டுதல் ஆகியன காணப்படின் வாங்குதல் கூடாது. பூச்சி மருந்தோ ஊசி மருந்தோ ஏற்றப்பட்ட ஆடாயின், மருந்தின் உறையில் குறிக்கப்பட்ட விலக்கு நாட்கள் கழிந்தனவா என்று விற்பவரிடம் கேட்டறிதல் வேண்டும். அந்நாட்கள் கழியுமுன் அறுத்தால் மருந்தின் எச்சம் இறைச்சியோடு வீட்டாருக்குப் போய்ச் சேரும்.

உரிமை: ஆட்டை வளர்த்தவரை நேரில் அறிந்திருத்தல் நன்று. முன்பின் அறியாதவரிடம் மலிவு விலைக்குக் கிடைக்கும் ஆடு பிறர் கொட்டிலில் இருந்து களவாடப்பட்டதாக இருக்கலாம்.

தராசு இல்லாதபோது நிறை அறிதல்

ஆட்டை நிறுக்கத் தொங்கு தராசு இல்லாவிடத்து, தையற்காரர் பயன்படுத்தும் அளவுநாடா ஒன்றே போதுமானது. ஆட்டைச் சம நிலத்தில் நேராக நிறுத்தி, முன்னங்கால்களுக்கு உடனே பின்னாக மார்பின் சுற்றளவைச் சென்றிமீற்றரில் அளக்க வேண்டும். பின்னர் தோள் முனையில் இருந்து பிட்டத்து எலும்பின் முனை வரை உடலின் நீளத்தை அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, வருவதை நீளத்தால் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் உயிர் நிறை கிலோவில் கிடைக்கும்.

சுற்றளவு 62 சென்றிமீற்றர், நீளம் 66 சென்றிமீற்றர் எனின், 62 x 62 x 66 = 2,53,704. இதனை 10,840 ஆல் வகுக்க 23.4 கிலோ வரும். இக்கணக்கு அண்ணளவானதே, ஆயினும் கண்மதிப்பிலும் இது நம்பத்தக்கது. ஆட்டை விற்கும் கமக்காரரும் வியாபாரி வருமுன்னர் இவ்வாறு அளந்து வைத்திருப்பாராயின், விலை பேசுவதில் அவருக்கு ஒரு பிடிமானம் இருக்கும்.

பங்கு சேர்த்தல்

முதலில் பங்காளரைச் சேர்த்து, அதன் பின்னரே ஆட்டை வாங்குதல் வேண்டும். ஆட்டை வாங்கிய பின் ஆள் தேடுபவருக்கு விற்காத பங்குகள் தலையில் விழும். ஒருவர் பொறுப்பேற்று, பெயர்களையும் பங்குகளையும் ஒரு கொப்பியில் எழுதிக் கொள்வது நல்லது. முழுப்பங்கு வாங்க இயலாத சிறு குடும்பங்களுக்கும், தனித்து வாழும் முதியோருக்கும் அரைப்பங்கு ஒதுக்கலாம். பணம் உடனே கொடுப்பவர் யார், அறுவடைக்குப் பின் கொடுப்பவர் யார் என்பதையும் முன்கூட்டியே பேசி எழுதிக் கொண்டால், பின்னர் மனஸ்தாபம் நேராது.

நாளையும் தெரிந்து கொள்ளல் வேண்டும். தீபாவளி, நத்தார், புதுவருடம் ஆகியவற்றுக்கு முந்திய நாட்களில் ஆட்டு விலை ஏறும். பலர் விரதம் காக்கும் கோயிற் திருவிழாக் காலங்களில் கேள்வி குறைந்து விலையும் தணியும். பூரணைப் போயா தினத்தில் நாடெங்கும் இறைச்சிக் கடைகள் மூடப்பட்டிருக்கும். அத்தினத்தில் ஆடு அறுப்பதையும் தவிர்த்தல் வேண்டும்.

இறைச்சி வியாபாரம் 1893ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் காலந்தொட்டு அநுமதிப்பத்திரத்துக்கு உட்பட்டதாகும். ஆகவே பங்கு போட எண்ணுபவர்கள், எங்கே அறுக்கலாம், எவ்வித அநுமதி வேண்டும் என்பவற்றைப் பிரதேச சபையிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் முன்னரே கேட்டு, அவர்கள் சொல்லும் முறைப்படி நடத்தல் வேண்டும்.

அறுப்பதற்கு முன்னும் பின்னும்

அறுக்கப்படும் ஆட்டுக்கு முதல் நாள் முழு ஓய்வு கொடுத்து, நிழலில் கட்டி, குடிக்க நீர் வைக்க வேண்டும். முதல் நாள் மாலைக்குப் பின் தீன் போடுதல் கூடாது. வயிறு வெறுமையாக இருப்பின், குடல் கிழிந்து இறைச்சி அசுத்தமாகும் அபாயம் குறையும். வெயிலில் நெடுந்தூரம் நடத்தி வரப்பட்ட, அல்லது துரத்திப் பிடிக்கப்பட்ட ஆட்டின் தசையில் உள்ள மாச்சத்துச் செலவழிந்து விடுகின்றது. அதனால் அறுத்தபின் தசையில் போதிய அமிலம் உண்டாகாமல், இறைச்சி கருஞ்சிவப்பாகி, வேகமாகப் பழுதடையும். எனவே ஆட்டைத் துன்புறுத்தாது கையாளுதல் தருமம் மாத்திரம் அன்று, இலாபமும் ஆகும்.

அறுப்பது விடியற்காலையில், வெயில் ஏறுமுன் நடைபெறல் வேண்டும். உடலைத் தொங்கவிட்டு உரித்தல் நன்று. நிலத்திற் போட்டு உரிப்பின் மண்ணும் சாணமும் ஒட்டும். கத்தியும் கையும் அடிக்கடி கழுவப்படல் வேண்டும். தோலைத் தொட்ட கையால் இறைச்சியைத் தொடுதல் கூடாது. நாய்கள் அண்டாது பார்த்துக் கொள்வதோடு, பழுதான ஈரலையும் நுரையீரலையும் அவற்றுக்கு எறியாது ஆழமாகப் புதைத்தல் வேண்டும். நீர்க்கட்டிகளோ புழுக்களோ காணப்படும் ஈரலை உண்ணலாகாது.

இங்கே ஒன்றை வற்புறுத்திக் கூறுதல் அவசியம். தானாக இறந்த ஆட்டையோ மாட்டையோ எந்த விலைக்கும், இலவசமாகக் கிடைப்பினும், உணவாகக் கொள்ளுதல் கூடாது. திடீரென இறந்து, மூக்கு, வாய், ஆசனவாய் ஆகியவற்றால் உறையாத இரத்தம் வடியும் விலங்கு, அந்திரக்ஸ் எனப்படும் அடைப்பான் நோயால் இறந்ததாக இருக்கலாம். அதனை வெட்டினால் நோய்க் கிருமிகள் மண்ணிற் பரந்து பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும், வெட்டியவருக்கும் தொற்றும். அத்தகைய உடலைத் தொடாது, கால்நடை வைத்திய அதிகாரிக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

பங்கிடும் முறை

கழுவிய வாழையிலைகளைப் பங்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வரிசையாக விரித்து, ஒவ்வோர் உறுப்பாக வெட்டி எல்லா இலைகளிலும் வைத்துக் கொண்டு போதல் வேண்டும். தொடை முடிந்த பின் தோள், தோள் முடிந்த பின் விலா, அதன்பின் கழுத்து எனப் போகும்போது, எல்லோருக்கும் எல்லா உறுப்பிலும் ஒரு துண்டு கிடைக்கும். ஈரல், இருதயம், சிறுநீரகம், கொழுப்பு ஆகியனவும் இவ்வாறே பகிரப்படல் வேண்டும். ஈற்றில் ஒவ்வொரு பங்கையும் தராசில் நிறுத்துக் கூடியதைக் குறைத்து, குறைந்ததைக் கூட்டுவார்கள். ஆட்டைக் கொண்டு வந்தவரோ வெட்டியவரோ தமக்கு விருப்பமான பங்கை முதலில் எடுப்பின் முறை கெட்டுவிடும். ஏனையோர் எடுத்தபின் எஞ்சிய பங்கைப் பொறுப்பாளர் எடுப்பாராயின், பங்குகள் தாமாகவே சமமாகும்.

கடையில் வாங்கும்போது

எப்பொழுதும் பங்கு கிடைப்பதில்லை. கடையில் வாங்க நேருமாயின், அநுமதி பெற்ற கடையில் காலையிலேயே வாங்குதல் நன்று. நல்ல ஆட்டிறைச்சி சிவந்த நிறமும், வெண்மையான உறுதியான கொழுப்பும் உடையது. விரலால் அழுத்தினால் குழி உடனே மேலெழும்ப வேண்டும். மேற்பரப்பு ஈரமாக இருக்கலாம். ஆனால் பிசுபிசுப்பாக இருத்தல் ஆகாது. புளித்த வாடையும், பச்சை நிறமும், இலையில் தேங்கும் நீரும் பழுதின் அறிகுறிகளாம். வெட்டிக் குவித்து வைத்ததை வாங்காது, தொங்கும் உடலில் இருந்து கேட்ட இடத்தில் வெட்டுவித்து வாங்குவதே புத்தி. குழம்புக்குக் கழுத்தும் தோளும் போதும்; அவை தொடையிலும் மலிவாகக் கிடைக்குமாயின் அவற்றையே வாங்கலாம். நெடுநேரம் மெல்லிய நெருப்பில் வேகும்போது அவை சுவையில் குறைந்தன அல்ல.

கோழியை முழுதாக வாங்குவது பெரும்பாலும் துண்டுகளாக வாங்குவதிலும் மலிவு. உயிரோடு 2 கிலோ நிறுக்கும் இறைச்சிக் கோழியில் இருந்து ஏறக்குறைய 1.4 கிலோ இறைச்சி கிடைக்கும். மார்பெலும்பின் நுனி வளைந்து கொடுத்தால் கோழி இளையது, விறைத்திருந்தால் முதியது. முட்டையிட்டு ஓய்ந்த கோழி மலிவாகக் கிடைக்கும்போது அதனை வாங்கி, நெடுநேரம் அவித்து, இரசத்துக்கும் குழம்புக்கும் பயன்படுத்தலாம்.

வீட்டிற் பேணுதல்

இறைச்சியை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்தல் கூடாது; கடும் வெயிற் காலத்தில் ஒரு மணி நேரமே எல்லையாகும். குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள், ஆட்டிறைச்சியை மூன்று நாட்கள் வரையும், கோழியிறைச்சியையும் ஈரலையும் இரண்டு நாட்கள் வரையும் அதில் வைக்கலாம். பெட்டி இல்லாதவர்கள் அன்றே சமைத்தல் வேண்டும். எஞ்சிய கறியை நன்கு கொதிக்க வைத்து, மூடி, அடுத்த வேளை உண்ணுமுன் மீண்டும் கொதிக்க வைக்க வேண்டும். மழையில்லாத காலத்தில், எஞ்சிய இறைச்சியை ஒரு சென்றிமீற்றர் தடிப்புள்ள கீற்றுகளாக வெட்டி, உப்பும் மஞ்சளும் தடவி, ஈ மொய்க்காதவாறு வலையால் மூடி வெயிலில் உலர்த்தி வற்றலாக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மாரிக் காலத்தில் இதனைச் செய்யின் பூஞ்சணம் பிடிக்கும்.

பச்சை இறைச்சி வெட்டிய பலகையிலும் கத்தியிலும், சம்பலுக்கான வெங்காயத்தையோ பச்சையாக உண்ணும் இலைகளையோ கழுவாது வெட்டுதல் ஆகாது. இறைச்சி உள்ளே சிவப்பு மாறும் வரை வெந்திருத்தல் வேண்டும்.

தலையும் காலும் எலும்பும் இரசமாகும், குடல் சுத்தம் செய்து கறியாகும், இரத்தம் வறையாகும். ஈரல் பிள்ளைகளுக்கு நல்ல உணவு. ஆனால் அதில் உயிர்ச்சத்து 'ஏ' மிகுதியாக இருப்பதால், கர்ப்பிணிகள் அதனை அடிக்கடி பெருமளவில் உண்ணலாகாது.

பெரும்போக அறுவடை முடிந்து கையிற் பணம் புழங்கும் காலமே பங்கு முறையைத் தொடங்குவதற்கு உகந்தது. ஓர் அயலில் பன்னிரண்டு குடும்பங்களும், ஓர் அளவுநாடாவும், ஒரு தராசும், ஒரு கொப்பியும் இருந்தாற் போதும். ஆட்டை வளர்த்தவருக்கு நிறைக்கேற்ற விலையும், வாங்கியவருக்குப் பணத்துக்கேற்ற இறைச்சியும் கிடைக்கும். கமக்காரர்கள் தம் அயலவரோடு கலந்து பேசி, இம்முறையை ஒழுங்காக நடத்திப் பயன் பெறுவார்களாக.